குரல் உயர்த்தாத அதிகாரம்

வணக்கம்.

பத்துப் பேர் கொண்ட குழுவுக்கு நான் தலைவியாகி ஓராண்டு ஆகிறது. ஆண்டு மதிப்பீட்டுப் படிவத்தில் ‘உங்கள் தலைமைப் பாணியையும் குணங்களையும் விவரியுங்கள்’ என்று ஒரு பகுதி. ‘ஜனநாயக முறை’ என்று எழுதிவிட்டேன். நான் அதிகம் பேசாதவள், யாரையும் கடிந்துகொண்டதில்லை. கூட்டத்தில் எல்லோருடைய கருத்தையும் கேட்பேன். யாராவது தரும் அறிக்கை சரியில்லை என்றால், அவர்கள் மனம் நோகக்கூடாது என்று இரவில் நானே திருத்தி அனுப்பிவிடுவேன். குழுவில் இதுவரை பெரிய பிரச்சினை எதுவும் வந்ததில்லை. ஆனால் போன மாதம் ஒரு வாரம் விடுப்பில் போய்த் திரும்பினால், பாதி வேலை அப்படியே நிற்கிறது. என் மேலாளர் ‘நீங்கள் இன்னும் கறாராக இருக்க வேண்டும்’ என்கிறார். நான் என் இயல்பையே மாற்றிக்கொள்ள வேண்டுமா?

— ஒரு வாசகி (பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள வாசகிக்கு,

இயல்பை மாற்ற வேண்டாம். ஆனால் ‘ஜனநாயக முறை’ என்று எழுதியதை அடித்துவிடலாம் என்று நினைக்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது.

சர்வாதிகாரம், ஜனநாயகம், ‘எப்படியோ போங்கள்’ என்று விட்டுவிடுவது. தலைமைப் பாணியை இப்படி மூன்றாகப் பிரிக்கும் வழக்கத்தைப் பரப்பியது 1939இல் உளவியலாளர்கள் கர்ட் லெவின், ரொனால்ட் லிப்பிட், ரால்ஃப் வைட் ஆகிய மூவரும் வெளியிட்ட ஆய்வு. பத்து வயதுப் பையன்களைச் சின்னச் சின்னக் குழுக்களாகப் பிரித்து, முகமூடி செய்வது போன்ற வேலைகளைக் கொடுத்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பெரியவரைத் தலைவராக வைத்தார்கள். இதில் பலரும் கவனிக்காமல் தாண்டிப்போகும் விஷயம் ஒன்று உண்டு. ஆறு வாரத்துக்கு ஒரு முறை தலைவர்கள் குழு மாறினார்கள், கூடவே பாணியையும் மாற்றிக்கொண்டார்கள். இங்கே சர்வாதிகாரியாக இருந்தவரே அங்கே போய் ஜனநாயகவாதியாக நடந்துகொண்டார். ஆளின் குணம் வேறு, அவர் வேலை வாங்கும் விதம் வேறு என்பதைப் பிரித்துப் பார்க்கத்தான் இத்தனை ஏற்பாடும்.

அந்தச் ‘சர்வாதிகாரத் தலைவர்’ என்னதான் செய்தார்? கத்தவில்லை, பிரம்பெடுக்கவில்லை. வெளிப்படையாக விரோதம் காட்டாமல், நட்பாகவோ பட்டும் படாமலோ இருந்தார். செய்ய வேண்டியதை ஒவ்வொரு படியாக மட்டும் சொன்னார். அடுத்த படி என்ன, எது நல்ல முகமூடி என்பதெல்லாம் அவர் மனதுக்குள்ளேயே இருந்தது. அவர் அறையைவிட்டு வெளியே போனதும், அடங்கிக் கிடந்த குழுக்களில் வேலை சடாரென்று விழுந்தது. ஜனநாயக முறைக் குழுக்களிலோ பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

இப்போது உங்கள் விடுப்பு வாரத்தை நினைத்துப் பாருங்கள்.

ஒருவர் அறிக்கை தருகிறார். நீங்கள் ராத்திரி உட்கார்ந்து இரண்டாவது பத்தியைத் தூக்கி முதலில் போடுகிறீர்கள், அட்டவணையைச் சரி செய்கிறீர்கள், முடிவுரையை மாற்றி எழுதுகிறீர்கள். காலையில் அது மேலே போய்விடுகிறது. எழுதியவருக்கு அது தெரியாமலே போகலாம். தெரிந்தாலும், ஏன் மாற்றினீர்கள் என்பது தெரியாது. அடுத்த முறையும் அதே மாதிரிதான் எழுதுவார், ‘எப்படியும் மேடம் மாத்திடுவாங்க’ என்று கொஞ்சம் அசட்டையாகவும் எழுதுவார். எது நல்ல அறிக்கை என்ற அளவுகோல் உங்களிடம் மட்டும் இருக்கிறது. நீங்கள் இல்லாதபோது எதை வைத்து முடிவெடுப்பார்கள்? கனிவான மனம் என்பது உங்கள் குணம், சந்தேகமே இல்லை. பாணி என்னவோ, எல்லா முடிவும் உங்கள் மேசைக்கு வந்தாக வேண்டிய பாணி. இரண்டும் ஒரே ஆளிடம் சுகமாகக் குடியிருக்கும். குரலை உயர்த்தாததால் வெளியே தெரிவதில்லை, அவ்வளவுதான்.

‘பெரிய பிரச்சினை எதுவும் வந்ததில்லை’ என்ற வரியைப் படித்ததும் எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது. 1996இல் எமி எட்மண்ட்சன் மருத்துவமனைப் பிரிவுகளில் மருந்து தரும்போது நேரும் தவறுகளைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார். நல்ல தலைமை உள்ள பிரிவில் தவறு குறைவாக இருக்கும் என்றுதான் அவர் எதிர்பார்த்தார். கணக்கு தலைகீழாக வந்தது, அங்கேதான் அதிகம் பதிவாகியிருந்தது. அங்கே வேலை மோசம் என்பதல்ல, நடந்ததை வாய்விட்டுச் சொல்ல அங்கே இருந்தவர்கள் பயப்படவில்லை என்பதே அவர் கண்ட விளக்கம். அதனால், கெட்ட செய்தி உங்களிடம் யார் வழியாக, எத்தனை நாள் கழித்து வருகிறது என்று ஒரு மாதம் குறித்து வையுங்கள். அப்புறம் கூட்டத்தில் கருத்துக் கேட்கிறீர்களே, உங்கள் கருத்தைச் சொல்வதற்கு முன்னாலா, பின்னாலா? பின்னால் என்றால் அது ஏற்கெனவே எடுத்த முடிவுக்குக் கையெழுத்து வாங்குவது.

அதிகம் பேசாத சுபாவத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம். கலகலப்பானவர்கள் தலைவர்களாகத் தேர்ந்தெடுக்கப்படும் வாய்ப்பு அதிகம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. தேர்ந்தெடுக்கப்பட்ட பிறகு அவர்கள் அதே அளவு சிறப்பாக நடத்துகிறார்கள் என்று சொல்லவில்லை. தாமாக யோசனை சொல்லும் ஊழியர்கள் இருந்தால், அடக்கமான தலைவரிடம் வேலை இன்னும் நன்றாக நடக்கிறது என்று உளவியலாளர் ஆடம் கிராண்ட்டும் அவரோடு சேர்ந்து ஆய்வு செய்த இருவரும் 2011இல் எழுதினார்கள். ஆக, உங்கள் மேலாளர் சொல்லும் ‘கறார்’ எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. நாளையிலிருந்து நீங்கள் முறைக்க ஆரம்பித்தால் முகம்தான் மாறும். அறிக்கை அப்போதும் ராத்திரியில்தான் திருத்தப்படும்.

படிவத்தில் அடைமொழி எதுவும் போடாமல் நடந்த இரண்டு விஷயங்களை எழுதுங்கள்: அறிக்கைகளை நானே திருத்திவிடுகிறேன், நான் இல்லாத வாரம் வேலை நின்றது. மதிப்பெண் குறையுமோ என்று தோன்றும். குறையலாம், அதற்கு நான் உத்தரவாதம் தர முடியாது. ஆனால் அடுத்த ஆண்டு ஒப்பிட்டுப் பார்க்க உங்கள் கையில் ஏதோ ஒன்று இருக்கும்.

அடுத்து வரும் அறிக்கையைத் திருத்தாமல், ஓரத்தில் மூன்றே குறிப்பு எழுதி, எழுதியவரிடமே திருப்பிக் கொடுங்கள். முதல் தடவை அவர் முகம் கொஞ்சம் வாடும். பொறுத்துக்கொள்ளுங்கள், சமாதானப்படுத்தப் போய் அதை மறுபடியும் கையில் வாங்கிவிடாதீர்கள்.