தொட்டிகளை எண்ணியவர்

அன்புள்ள ஐயா,

நான் கிளாஸ்கோவில் முதுகலை படிக்கிறேன். வார இறுதியில் ஒரு மதுக்கடையில் பகுதிநேர வேலை. வருகிறவர்கள் மால்ட் விஸ்கி பற்றி ஏதேதோ கேட்கிறார்கள், எனக்குப் பதில் தெரிவதில்லை. மால்ட் விஸ்கி பற்றியும் அதை வடித்தெடுக்கும் வடிசாலைகளின் வரலாறு பற்றியும் படிக்க வேண்டிய பத்துப் புத்தகங்களை வரிசைப்படி சொல்ல முடியுமா? சுவைக் குறிப்பு எழுதக் கற்றுக்கொள்ளவும் ஒரு நூல் வேண்டும். நான் குடிப்பதில்லை. அப்பா குடித்தே போய்ச்சேர்ந்தவர். அம்மாவிடம் காய்கறிக் கடையில் வேலை என்று சொல்லி வைத்திருக்கிறேன். குடிக்காதவன் இதையெல்லாம் படிப்பதில் அர்த்தம் உண்டா என்றும் தெரியவில்லை.

ம., கிளாஸ்கோ

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த அன்று என் மேஜைமேல், விஸ்கி வடிசாலைகளைச் சுற்றிப் பார்த்து எழுதிய ஆல்ஃப்ரெட் பார்னார்டின் புத்தகம் திறந்து கிடந்தது. ஒரு வாரமாக அதைத்தான் புரட்டிக்கொண்டிருந்தேன். அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கடைசிக் கேள்வியை முடித்துவிடுவோம். குடிக்காதவர் தாராளமாகப் படிக்கலாம். கப்பல் ஏறாதவர்கள் கடல் வணிக வரலாறு படிக்கவில்லையா? அப்பாவைப் பற்றி நீங்கள் எழுதிய அந்த ஒரு வரியை நான் பலமுறை படித்தேன். நான் சொல்லப்போகும் புத்தகங்களில் உங்கள் அப்பா மாதிரி ஒருவரோ, உங்கள் அம்மா மாதிரி ஒருவரோ வரமாட்டார்கள். பீப்பாய் கிடங்கை விட்டு வெளியே போனதும் இந்த நூல்கள் அதைப் பின்தொடர்வதை நிறுத்திவிடும். அது அவற்றின் பெரிய குறை. அதைத் தெரிந்துகொண்டு படியுங்கள். அம்மாவிடம் பொய் சொல்வது பற்றிக் கடைசியில் வருகிறேன்.

சுவைக் குறிப்புக்கு நூல் எதுவும் சொல்ல மாட்டேன். நாக்கில் படாத ஒன்றுக்குத் தேன், ஆரஞ்சுத்தோல், பழைய தோல்பை என்று எழுதப் பழகுவது பிறர் வாய்ச்சொல்லை மனப்பாடம் செய்வதுதான். கடைக்கு வருகிறவர் கேட்டால், நான் குடிப்பதில்லை, ஆனால் இது எந்த ஊரில் எப்படிச் செய்தது என்று சொல்கிறேன் என்று சொல்லுங்கள். மரியாதையாகக் கேட்பார்.

பத்துப் புத்தகப் பட்டியல்! தம்பி, இந்தப் பழக்கம் எனக்குக் கோபத்தை வரவழைக்கிறது. மாதம் இரண்டு கடிதமாவது இப்படி வருகிறது, எந்தத் துறையானாலும் பத்து வேண்டும், அதுவும் வரிசையாக வேண்டும். ஒன்றை எடுத்து முழுசாகப் படித்து, அதில் வரும் ஊருக்குப் போய் நின்று பார்த்துவிட்டு அடுத்தது என்ன என்று கேளுங்கள். நீங்கள் இருப்பது கிளாஸ்கோவில். அந்த ஊர்கள் எல்லாம் உங்களுக்கு பஸ் தூரம். சென்னையில் உட்கார்ந்திருக்கிற எனக்கு அப்படியா?

அந்த ஒன்று பார்னார்டுதான். ஹார்ப்பர்ஸ் வீக்லி கெஜட் என்ற மது வணிகப் பத்திரிகைக்காக 1885 முதல் பிரிட்டன், அயர்லாந்து முழுக்கச் சுற்றியவர் அவர். ரயில், நீராவிக் கப்பல், குதிரை வண்டி என்று கிடைத்ததில் ஏறிப்போய் 161 வடிசாலைகளைப் பார்த்தார். ஸ்காட்லாந்தில் 129, அயர்லாந்தில் 28, இங்கிலாந்தில் 4. எல்லாவற்றையும் தொகுத்து 1887-ல் ‘தி விஸ்கி டிஸ்டிலரீஸ் ஆஃப் தி யுனைடெட் கிங்டம்’ வந்தது. மறுபதிப்புகள் உண்டு, உங்கள் ஊர் மிட்செல் நூலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

அதைத் திறந்ததும் உங்களுக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும். சுவையைப் பற்றி அநேகமாக ஒன்றுமே இருக்காது. வழியில் பார்த்த மலை, ஓடை, பிறகு வடிசாலைக்குள் நுழைந்ததும் அளவுகள். அரைத்த மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) வெந்நீரில் ஊறும் தொட்டி எத்தனை அடி அகலம், நொதிக்கும் மரத்தொட்டிகள் எத்தனை, ஒவ்வொன்றும் எத்தனை காலன் கொள்ளும், சரக்கை வடிக்கும் செப்புப் பானைகள் எத்தனை, தண்ணீர் எந்த ஊற்றிலிருந்து, வருடத்துக்கு எவ்வளவு சரக்கு. அடுத்த ஊர், மறுபடியும் தொட்டிகள். சலிப்பாக இருக்கிறது என்று முப்பதாம் பக்கத்தில் மூடி வைத்தவர்களை எனக்குத் தெரியும். அவர்களோடு நான் பல தடவை சண்டை போட்டிருக்கிறேன். அந்த மனிதர் எண்ணினார் ஐயா! தான் பார்ப்பதில் பலவும் அழியப்போகிறது என்று தெரியாமலே எண்ணினார். சுவையைப் பற்றி அவர் நாலு பக்கம் உருகி எழுதியிருந்தால் இன்று அது யாருக்கு உதவும்? ஒரு தொட்டியின் அகலத்தை எழுதி வைத்தால் நூறு வருடம் கழித்தும் அந்த அறையை ஒருவன் மனதுக்குள் கட்டிப் பார்க்கலாம்.

நிஜமாகவே கட்டலாம். ஐலா தீவில் போர்ட் எலன் வடிசாலையை 1983-ல் மூடினார்கள். அந்த வருடம் மூடப்பட்டவை இன்னும் பல. சந்தையில் சரக்கு தேங்கிப்போன காலம் அது. நாற்பது வருடம் கழித்து, 2024 மார்ச்சில் போர்ட் எலன் மறுபடியும் திறந்தபோது, பழைய வரைபடங்களை வைத்து அதே வடிவில் செப்புப் பானைகளைச் செய்து நிறுத்தினார்கள். பானையின் கழுத்து மாறினால் ஆவி ஏறி இறங்கும் விதம் மாறும், சரக்கும் மாறிவிடும். யாரோ ஒருவர் அளவைக் குறித்து வைத்திருந்ததால்தான் அது முடிந்தது. அளவு சலிப்பூட்டுகிறது என்று இனிமேல் யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

நான் கேம்பெல்டவுனுக்குப் போனது இந்தப் புத்தகத்தால்தான். சில வருடங்களுக்கு முன்பு மகள் கிளாஸ்கோவில் இருந்தபோது ஒரு அக்டோபரில் அங்கே தங்கியிருந்தேன். புக்கானன் பஸ் நிலையத்தில் காலையில் ஏறினால் லாக் லோமண்ட் ஏரிக்கரை, மலைக் கணவாய், இன்வரேரி, டார்பர்ட் என்று நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. மேற்குக் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு நிலத்துண்டின் கடைசியில் இருக்கிறது ஊர். பார்னார்டு போனபோது அந்தச் சின்ன ஊரில் 21 வடிசாலைகள். அவற்றில் பெரியது ஹேசில்பர்ன், வருடத்துக்கு 1,92,000 காலன், நம் கணக்கில் சுமார் 8.7 லட்சம் லிட்டர். அதன் பிறகு முதல் உலகப் போர், அது முடிந்து வந்த மந்தம், 1920-ல் அமெரிக்க மதுவிலக்கு. விஸ்கியைக் கலந்து விற்கும் பெரிய வியாபாரிகள் வடகிழக்கு ஸ்காட்லாந்தின் ஸ்பேசைட் சரக்கின் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். 1930-களின் நடுவில் அந்த ஊரில் மிஞ்சியவை ஸ்பிரிங்பேங்க், கிளென் ஸ்கோஷியா என்ற இரண்டுதான். 2004-ல் கிளென்கைல் மறுபடியும் திறந்து மூன்றாயிற்று.

புத்தகத்தின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்தேன். ஹேசில்பர்ன் இருந்த இடம் இன்று வணிக வளாகம். பார்னார்டு எண்ணிய தொட்டிகளில் ஒன்றுகூட அங்கே இல்லை, என் கையில் இருந்த தாளில் மட்டும் இருந்தன. மழை தூறிக்கொண்டிருந்தது. அங்கே நின்றபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

ஸ்பிரிங்பேங்கில் இன்றும் பார்லியைத் தரையில் பரப்பித்தான் முளைகட்டுகிறார்கள், வெளியிலிருந்து வாங்குவதில்லை. ஊறவைத்த பார்லி, நீளமான கல்தரை முழுக்க ஒரு சாண் உயரத்துக்குக் கிடந்தது. குளிரில் உள்ளே நுழைந்தால் வெள்ளரிக்காய் நறுக்கியது போல ஒரு பச்சை வாசனை. குவியலுக்குள் கையை விடச் சொன்னார்கள். உள்ளே வெதுவெதுப்பு. முளைக்கும் தானியம் சூடாகும், விட்டால் வேர்கள் பின்னிப் பாயாகிவிடும், அதனால் மரத்துடுப்பால் புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். சுற்றிக்காட்டியவர் ஒரு மணியை எடுத்து உமி நீக்கிச் சுவரில் இழுத்தார். சாக்பீஸ் மாதிரி வெள்ளைக் கோடு விழுந்தது. இப்படி எழுதினால் முளை போதும், இனி உலர்த்தலாம் என்று அர்த்தமாம்.

எனக்கு என் அப்பாயி ஞாபகம் வந்துவிட்டது. பழைய வேட்டித்துணியில் கேழ்வரகைக் கட்டி, உறியில் தொங்கவிட்டு, வேளைக்கு வேளை தண்ணீர் தெளிப்பார். முளை விட்டதும் ஒரு மணியை எடுத்து முன்பல்லால் கடித்துப் பார்ப்பார். இனிப்புத் தட்டியதா என்று பார்க்கத்தான் அது. தட்டினால் நிழலில் உலர்த்தி, வறுத்து, திரித்துக் கஞ்சி. மாவுச்சத்து சர்க்கரையாக மாறத் தயாராகும் நேரத்தை, அங்கே சுற்றிக்காட்டியவர் சுவரில் கோடு இழுத்துக் கண்டுபிடித்தார், அப்பாயி பல்லால் கண்டுபிடித்தார். மால்ட் என்றாலே நாம் பாட்டிலை நினைக்கிறோம். ராகி மால்ட் என்று வீட்டில் சொல்லும் மால்ட்டும் இதுவேதான்.

சரி, மற்ற புத்தகங்கள். ஈனியஸ் மெக்டொனால்டு என்ற புனைபெயரில் ஜார்ஜ் மால்கம் தாம்சன் எழுதி, எடின்பரோவில் 1930-ல் வந்த ‘விஸ்கி’. சின்னப் புத்தகம், தரம் கெட்டுப்போவதைப் பார்த்துக் கொதித்து எழுதியது. நீல் கன் எழுதிய ‘விஸ்கி அண்ட் ஸ்காட்லாந்து’, 1935. இவர் நாவலாசிரியர், அதே சமயம் இன்வர்னெஸ்ஸில் கிளென் மோர் வடிசாலையில் கலால் அதிகாரி. கணக்குப் பார்க்கிற வேலையில் இருந்துகொண்டே தன் நாட்டைப் பற்றி யோசித்தவர். அந்த கிளென் மோரும் 1983-ல் மூடப்பட்டு இடிக்கப்பட்டுவிட்டது. வணிக வரலாறு வேண்டுமானால் மைக்கேல் மாஸ், ஜான் ஹ்யூம் இருவரும் 1981-ல் எழுதியது கனமான நூல், பரீட்சை முடிந்ததும் எடுங்கள். அழிந்த வடிசாலைகளுக்கு பிரையன் டவுன்செண்டின் ‘ஸ்காட்ச் மிஸ்ட்’ (Scotch Missed). மைக்கேல் ஜாக்சன் (பாடகர் இல்லை, பீர் பற்றியும் எழுதிய ஆங்கிலேயர்) 1989-ல் கொண்டுவந்த கையேட்டுக்குக் கடையில் வேலை பார்ப்பவர் என்ற முறையில் உங்களுக்குத் தேவை இருக்கும். தனித்தனி வடிசாலையின் பெயரைச் சாதாரண வாசகனுக்குச் சொல்லிக்கொடுத்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் அவர் போட்ட மதிப்பெண்களைத்தான் எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள், அவர் எழுதிய ஊர்களை விட்டுவிட்டார்கள். நீங்களும் அதைச் செய்யாதீர்கள்.

இன்னொன்று. உங்களைப் போலவே ஒருவர் கிளாஸ்கோவுக்குப் படிக்க வந்தார், 1918 டிசம்பரில், ஜப்பானிலிருந்து. மசட்டகா டக்கெட்சுரு. வயது இருபத்துநாலு, சாக்கே என்ற அரிசி மது தயாரிக்கும் குடும்பம், ஊரில் ஒருவரையும் தெரியாது. நெட்டில்டன் என்பவர் எழுதிய வடிப்புத் தொழில் நூலைப் படித்துவிட்டு அவரிடமே கற்கப் போனார், கேட்ட கட்டணம் கட்டுப்படியாகவில்லை. பிறகு லாங்மோர்ன் வடிசாலையில் சில நாள். 1920-ல் கிளாஸ்கோ பக்கத்துப் பெண் ரீட்டாவைக் கல்யாணம் செய்துகொண்டு, கேம்பெல்டவுனில் அதே ஹேசில்பர்னில் சில மாதம் வேலை. பார்த்ததை எல்லாம் நோட்டில் படம் போட்டு, அளவு குறித்து எழுதினார். ஹேசில்பர்ன் 1925-ல் நின்றுபோனது. அவர் 1934-ல் ஹொக்கைடோவில் யோய்ச்சி வடிசாலையைத் தொடங்கினார், அது இன்றும் நடக்கிறது.

அதனால் ஒரு விடுமுறை நாளில் கேம்பெல்டவுன் பஸ்ஸில் ஏறுங்கள். முளைகட்டும் தரை எத்தனை காலடி நீளம் என்று எண்ணி எனக்கு எழுதுங்கள், நான் எண்ணாமல் வந்துவிட்டேன், இன்றுவரை உறுத்துகிறது. அப்புறம், அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். போனில் முதல் வார்த்தையிலேயே கடை என்று ஆரம்பிக்க வேண்டாம். கேழ்வரகு முளைகட்ட எத்தனை வேளை தண்ணீர் தெளிப்பீர்கள் என்று கேளுங்கள். பேச்சு அங்கிருந்து வரட்டும்.