அவரை பூக்கவில்லை, விதை போலியா?

கேள்வி: சித்திரையில் இணையக் கடை ஒன்றில் பந்தல் அவரை விதை வாங்கி மொட்டை மாடியில் போட்டேன். பத்து விதையும் முளைத்து, பந்தல் முழுக்கக் கொடி படர்ந்துவிட்டது. ஆவணி முடியப் போகிறது, ஒரு பூகூட இல்லை. போலி விதையா? பணத்தைத் திரும்பக் கேட்கலாமா? வெயில் காலத்தில் காய்க்கிற கொடி வேறு உண்டா?
- வாசகி, மதுரை

பதில்: கோபத்தில் கொடியைப் பிடுங்கிவிடாதீர்கள், அது காய்க்கும். நாட்டுப் பந்தல் அவரைக்கு வெயில் ஒத்துக்கொள்ளும். ஆனால் பகல் பொழுது குறைந்தால்தான் பூ எடுக்கும். ஆடிப்பட்டத்தில் விதைத்து மார்கழி, தையில் பறிப்பது அதனால்தான். நீங்கள் மூன்று மாதம் முந்திவிட்டீர்கள், அவ்வளவுதான். இனி யூரியா போடாமல், கொடியின் நுனிகளைக் கிள்ளி விடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் பூங்கொத்து நிமிர்ந்து வரும்.

பத்தும் முளைத்த விதையைப் போலி என்று சொல்ல முடியாது. பணம் கேட்டால் கிடைப்பது கடினம். ஆனால் எந்தப் பட்டத்துக்கு என்று சொல்லாமல் விற்றது தவறு. அதைக் கடைக்கு எழுதுங்கள், அடுத்தவருக்காவது உதவும். இனி வாங்கும்போது பாக்கெட்டில் ரகத்தின் பெயர், முளைப்புத் திறன், பரிசோதித்த தேதி, காலாவதி நாள் இருக்கின்றனவா என்று பாருங்கள். பில்லையும் பாக்கெட்டையும் ஐந்தாறு விதையையும் எடுத்து வையுங்கள். விதை முளைக்காமல் போனாலோ, சொன்ன ரகம் வராவிட்டாலோ அவைதான் சாட்சி. தரமற்ற விதையால் நஷ்டப்பட்ட விவசாயியும் நுகர்வோரே என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் தீர்ப்பளித்திருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

சரி, வெயிலுக்கு வருவோம். நீளக் காராமணி போடுங்கள். யாழ்ப்பாணத்தில் பயத்தங்காய் என்பார்கள், தேங்காய்ப்பால் விட்டுக் கறி வைப்பார்கள். மதுரை வெயிலுக்கு அசராது, தண்ணீர் மட்டும் தவறக் கூடாது. விதைத்து இரண்டு மாதத்துக்குள் காய் பறிக்கலாம். காலையில் விரியும் பூ மதியத்துக்குள் மூடிக்கொள்ளும். ஒரு காம்பின் நுனியில் பெரும்பாலும் இரண்டு காய் சேர்ந்து தொங்கும். காயை மட்டும் கிள்ளுங்கள், காம்பை ஒடிக்காதீர்கள். அதே காம்பில் மறுபடி பூ வைக்கும்.

கொழுந்தில் எறும்பு வரிசை கண்டால் இலையைத் திருப்பிப் பாருங்கள், கருப்பு அசுவினிப் பூச்சி அப்பியிருக்கும். ஆரம்பத்திலேயே தண்ணீரைப் பீய்ச்சி அடித்தால் போய்விடும். விட்டுவிட்டால் கொழுந்தே சுருண்டுவிடும்.

பென்சில் கனத்தில், உள்ளே பயறு புடைக்கும் முன் பறியுங்கள். ஒரு நாள் தாமதித்தாலும் தோல் பஞ்சு போலாகிவிடும். சந்தையில் வாங்கினாலும் இதே கணக்குதான்: வளைத்தால் பட்டென்று ஒடிய வேண்டும். முற்றிவிட்டால் வீசாதீர்கள். பயறை உரித்துப் புளிக்குழம்பில் போடுங்கள், கத்தரிக்காயோடு அவ்வளவு பொருத்தம்.