கடிதம்: ரெகுலேட்டரி செல் எப்படி அடக்குது?

அண்ணா வணக்கம். அம்மாவுக்கு முடக்குவாதம், வாரம் ஒருதடவை மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை போடறாங்க. சொந்தக்காரங்க எதிர்ப்பு சக்திய ஏத்துற பவுடர் குடுக்கச் சொல்றாங்க. 2025 நோபல் பத்தி எழுதினப்ப ரெகுலேட்டரி டி செல் மத்த செல்ல அடக்கும்னு ஒரே வரில முடிச்சுட்டீங்க. எப்படின்னு சொல்லுங்களேன்.
– ஒரு வாசகி

வணக்கம்மா,

பவுடர் வேணாம். அம்மா உடம்புல எதிர்ப்பு சக்தி சொந்த மூட்டையே அடிச்சிட்டிருக்கு, அத இன்னும் ஏத்திவிட்டு என்ன பண்றது? டாக்டர்கிட்ட கேக்காம எதுவும் குடுக்காதீங்க.

ரெகுலேட்டரி டி செல்ங்கறது மத்த எதிர்ப்பு செல்லுங்க எல்லை மீறாம பாத்துக்கற ஒரு வகை வெள்ளணு. அந்த நோபல் வாங்கினவங்கள்ல ஒருத்தரான ஜப்பான் விஞ்ஞானி சகாகுச்சி 1995ல காட்டின இந்த செல்லுங்க அடக்கறதுக்கு பல வழி வெச்சிருக்கு, எனக்குப் பிடிச்சது சிடி39ங்கற என்சைம். ஏடிபின்னு ஸ்கூல்ல படிச்சிருப்பீங்க, செல்லுக்குள்ள இருக்கறவரைக்கும் அது எனர்ஜி, செல் உடைஞ்சு வெளிய கொட்டிச்சுன்னா அக்கம்பக்கத்து இம்யூன் செல்லுக்கெல்லாம் அதான் அலாரம், வீக்கம் கிளம்பிடும். ரெகுலேட்டரி செல் மேல வெளிப்பக்கம் பாத்து நிக்கிற சிடி39 அந்த ஏடிபில உள்ள மூணு பாஸ்பேட்ல ரெண்ட ஒண்ணொண்ணா வெட்டி, ஒரே பாஸ்பேட் மிஞ்சின ஏஎம்பி ஆக்கும், அப்புறம் சிடி73ன்னு இன்னொரு என்சைம் மிச்ச பாஸ்பேட்டயும் வெட்டினா கிடைக்கறது அடினோசின், அது போய் சண்டைக்கார டி செல் மேல சிக்னல் வாங்கற ஏ2ஏங்கற ரிசெப்டர்ல ஒட்டினா உள்ள சைக்ளிக் ஏஎம்பிங்கற சிக்னல் சரக்கு ஏறி அந்த செல் அடங்கிடும். அலாரம் அடிச்ச சரக்குலேர்ந்தே அத அணைக்கிற சரக்கு! (காபில உள்ள கஃபீன் மறிக்கறதும் அடினோசின் ரிசெப்டரத்தான். அதுக்காக அம்மா காபில கை வெச்சுடாதீங்க.)

எலியில ரெண்டு என்சைமும் ரெகுலேட்டரி செல் மேலயே தாராளமா இருக்கும், நமக்கு சிடி73 அதுல கம்மி, பக்கத்து செல்லுங்க கைகொடுக்கணும். எலி ரிசல்ட்ட வெச்சு குதிக்கிற நியூஸ படிக்கறப்ப இது ஞாபகம் இருக்கட்டும். கேன்சர் கட்டிங்களும் இதே வித்தையத்தான் பண்ணி நம்ம செல்ல அடக்கிடுது, அதனால அங்க இந்த என்சைம தடுக்கற மருந்துங்கள டிரையல் பண்ணிட்டிருக்காங்க.

உங்கம்மா மாத்திரைக்கு வர்றேன். கம்மி டோஸ்ல மெத்தோட்ரெக்ஸேட் பண்ற முக்கியமான வேலைல ஒண்ணு, செல்லுக்கு வெளிய அடினோசின கூட்டறது. 2015ல பிரேசில்ல ஒரு குழு, இந்த மருந்து கேக்காத முடக்குவாதக்காரங்களோட ரெகுலேட்டரி செல்லுல சிடி39 கம்மியா இருக்குன்னு காட்டினாங்க. இத நம்மூர் லேப்ல போய் கேட்டு நிக்காதீங்க, மருந்து கேக்குதான்னு வீக்கத்தையும் ரத்த டெஸ்ட்டையும் பாத்து டாக்டரே சொல்லிடுவாரு. ஒண்ணே ஒண்ணு, வாரம் ஒருதடவை போடறத யாராவது தவறி தினமும் குடுத்துடாம பாத்துக்குங்க, உயிருக்கே ஆபத்து.