வடிகால் ஆணை மரம் வெட்டும் அனுமதி ஆகாது

வடிகால் தோண்ட வந்த ஒப்பந்ததாரர் உங்கள் தெருப் புங்கையையும் வேம்பையும் வெட்டப் போகிறாரா? வடிகாலுக்கான பணி ஆணையைக் காட்டி அவற்றை வெட்ட முடியாது. தமிழ்நாட்டில் பொது இடத்து மரத்தை வெட்ட, 2021இல் அமைக்கப்பட்ட மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி தனியாக வேண்டும். அதன் தலைவர் ஆட்சியர். அனுமதி நகலை ஒப்பந்ததாரரிடம் இன்றே கேளுங்கள். "மேலே சொல்லிவிட்டார்கள்" என்பது நகல் ஆகாது.

பெரும்பாலும் நடப்பது இதுதான்: வரைபடத்தில் நேர்கோடு போடுகிறார்கள், அதில் மரம் இருக்காது. களத்தில் பொக்லைன் வந்த பிறகே மரம் தெரிகிறது.

ஒரு டேப் எடுத்து, வடிகாலுக்காகத் தரையில் போட்ட சுண்ணாம்புக் கோட்டிலிருந்து அடிமரம் வரை அளந்து, டேப்போடு படம் எடுங்கள். எதிர்ப்புறம் இடம் இருந்தால் அதையும். கோட்டை நகர்த்தலாமே என்று கேட்க அதுவே ஆதாரம். வெட்டாமல் ஒரு பக்க வேரை மட்டும் அறுத்தாலும் விடாதீர்கள். அடுத்த புயலில் அந்த மரம் சாயலாம், பழி காற்றின் மேல் விழும்.

தகவல் உரிமை மனுவுக்கு 30 நாள் ஆகும், ரம்பத்துக்கு அரை மணி நேரம் போதும். ஆகவே ஆட்சியருக்கும் மாநகராட்சி அல்லது நகராட்சி ஆணையருக்கும் எழுத்துப் புகார் முதலில். மரம் தனியார் மனைக்குள் நின்றால் இந்த வழி அப்படியே பொருந்தாது.