‘நல்லாப் போகுதுப்பா’

வணக்கம் சார்,

நானும் என் நண்பனும் இரண்டு வருடம் முழுநேரமாக உழைத்து ஒரு புதிர் விளையாட்டு செய்தோம். நான்கு மாதத்துக்கு முன் ஆப் ஸ்டோரிலும் கூகுள் ப்ளேயிலும் கட்டண விளையாட்டாக வெளியிட்டோம். இதுவரை மொத்த விற்பனை 1,140 டாலர். இதை அப்படியே பொதுவில் எழுதிவிடலாம் என்கிறேன் நான். நண்பன் வேண்டாம் என்கிறான். காப்பியடிப்பார்கள், அடுத்த விளையாட்டுக்குப் பணம் போட்டு வெளியிட பப்ளிஷர் கிடைக்கமாட்டார், ‘ஃப்ளாப்பி பேர்ட்’ விளையாட்டைச் செய்தவர் வருமானத்தைச் சொல்லிவிட்டுப் பட்ட பாடு போதாதா என்கிறான். கொஞ்சம் மரியாதையான தொகை வந்த பிறகு சொல்லலாமோ என்று எனக்கும் ஒரு தயக்கம். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் நண்பரின் பயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். காப்பியடிக்கிறவன் உங்கள் கட்டுரையைத் தேடிப் படித்துவிட்டு வருவதில்லை. எது ஓடுகிறது என்று கண்ணால் பார்த்துவிட்டு வருகிறான். ‘த்ரீஸ்’ விளையாட்டை உருவாக்க ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. 2014 பிப்ரவரியில் அது வெளிவந்து மூன்றே வாரத்தில் அதே சாயலில் ‘1024’ வந்துவிட்டது. அதற்கு யாருடைய விற்பனைக் கணக்கும் தேவைப்படவில்லை. ஃப்ளாப்பி பேர்ட் செய்த டோங் நுயென், விளம்பரத்தில் நாளொன்றுக்கு 50,000 டாலர் வருவதாகச் சொன்னார், சில நாளில் விளையாட்டையே கடைகளிலிருந்து எடுத்துவிட்டார். உண்மைதான். ஆனால் அவர் பட்ட பாடு, ஊர் உலகமே ஒரே நேரத்தில் ஒரு தனிமனிதன் மேல் வந்து விழுந்ததால் வந்தது. 1,140 டாலருக்கு அந்தக் கூட்டம் வராது. பப்ளிஷர் எப்படியும் பழைய கணக்கைக் கேட்பார், அப்போது காட்டத்தான் போகிறீர்கள். யாரோடாவது ரகசியக் காப்பு ஒப்பந்தம் போட்டிருந்தால் மட்டும் ஒருமுறை படித்துப் பாருங்கள். சரி, இது போதும்.

எனக்குக் கோபம் வந்தது உங்கள் நண்பர் மேல் இல்லை, உங்கள் மேல். ‘மரியாதையான தொகை’ என்றால் என்ன? மற்றவர்களின் கணக்குகளை இந்த இரண்டு வருடமும் நீங்கள் தேடித்தேடிப் படித்திருப்பீர்கள். அவர்கள் அத்தனை பேரும் மரியாதையான தொகை வரும்வரை வாயை மூடிக்கொண்டிருந்தவர்கள். வராதவர்கள் கடைசிவரை பேசவே இல்லை. அதனால்தான் உங்களுக்குத் தொழில் பற்றிக் கிடைத்த சித்திரமே கோணலாக இருந்தது. அந்தச் சித்திரத்தை நம்பி இரண்டு வருடத்தைக் கொடுத்துவிட்டு, இப்போது நீங்களும் அதே வரிசையில் போய் நிற்கப் பார்க்கிறீர்கள்.

ஒன்றை மட்டும் விடாமல் சொல்வேன். தொகையை மட்டும் போடாதீர்கள், பக்கத்தில் மாதத்தையும் போடுங்கள். உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 1,140 டாலர். சிறு நிறுவனங்களுக்கான சலுகையில் இருந்தால் இரண்டு கடைகளும் 15 சதவீதம் எடுத்துக்கொள்ளும், மிச்சம் 969. ஆப்பிளுக்கு வருடக் கட்டணம் 99, கூகுளுக்கு ஒரே தடவை 25, மிச்சம் 845. இரண்டு பேர், இருபத்துநான்கு மாதம், ஆக நாற்பத்தெட்டு மாத உழைப்பு. வகுத்துப் பாருங்கள். ஒருவருக்கு மாதம் 17 டாலர் 60 சென்ட். வரியும் இசைக்குக் கொடுத்ததும் இதில் வரவில்லை. 1,140 என்று மட்டும் எழுதினால், ஒரு வார இறுதியில் செய்ததாக ஒருவர் நினைத்துக்கொள்வார், நாலு மாதத்தில் இவ்வளவா என்று ஆசைப்படக்கூடச் செய்வார். 17.60 என்று எழுதினால் யாரும் தப்பாகப் படிக்க முடியாது.

வெற்றிக்கும் இதே கதைதான். 2015 ஜனவரியில் ‘மானுமென்ட் வேலி’ விளையாட்டைச் செய்த குழுவினர் தங்கள் கணக்கை விரித்து வைத்தார்கள். எல்லோர் வாயிலும் நின்றது 58 லட்சம் டாலர் வருவாய் மட்டும். அதே தாளில் 55 வார உழைப்பும் 8,52,000 டாலர் செலவும் இருந்தன. ஐஃபோன், ஐபேடில் நிறுவப்பட்டதில் 40 சதவீதம்தான் காசு கொடுத்து வாங்கியவை என்றும், ஆண்ட்ராய்டில் அது 5 சதவீதம் என்றும் அவர்களே சொன்னார்கள். ஒருமுறை வாங்கியவரே இரண்டு மூன்று கருவிகளில் போட்டுக்கொள்வதும் அந்த மிச்சத்தில் சேர்த்திதான். இருந்தாலும், கட்டண விளையாட்டு செய்ய உட்காருகிறவனுக்கு 58 லட்சத்தைவிட அந்த 5 எத்தனையோ மடங்கு உதவும்.

உங்கள் கடிதத்தைப் படித்தபோது இதெல்லாம் மனதில் ஓடவில்லை. ஓடியது ஒரு பையனின் முகம்.

என் முதல் விளையாட்டு வெளிவந்து ஐந்தாவது வாரம். என்னைவிட எட்டு வயது சின்னவன், நன்றாக புரோகிராம் எழுதுவான், பார்க்க வந்திருந்தான். “அண்ணா, கேம் எப்படிப் போகுது?” என்று கேட்டான். அப்போது என் ஃபோனில் விற்பனைப் பக்கம்தான் திறந்திருந்தது. வரைபடத்தில் அன்றைய விற்பனைக் கம்பத்தின் மேல் 3 என்று இருந்தது. ஃபோனை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, “நல்லாப் போகுதுப்பா” என்றேன்.

மூன்று மாதம் கழித்து அவன் வேலையை விட்டான். தன் விளையாட்டை முடித்தான், வெளியிட்டான், சேமிப்பு கரைந்ததும் மறுபடி வேலைக்குப் போனான். அந்தச் சமயத்தில் ஒருநாள் சொன்னான்: “எனக்குத்தான் திறமை பத்தலைண்ணா. உங்களுக்கெல்லாம் போகுதே.” அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. அந்த இரண்டாவது மௌனத்தை என்னால் இன்றுவரை எந்த விதத்திலும் நியாயப்படுத்த முடியவில்லை. முதல் முறை வெட்கம் என்று சொல்லிக்கொள்ளலாம். இரண்டாம் முறை ஒருவன் தன்னைத்தானே குறைத்துக்கொள்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

நண்பருக்குத் தெரியாமல் எதையும் போட்டுவிடாதீர்கள். பாதி உழைப்பு அவருடையது, பாதி வெட்கமும் அவருடையதுதான். 17.60 என்ற கணக்கை அவர் எதிரில் உட்கார்ந்து ஒருமுறை தாளில் போட்டுக் காட்டுங்கள். அப்புறமும் வேண்டாம் என்றால் கொஞ்சம் காத்திருங்கள்.

உங்கள் கடிதம் வந்த இரவு என் பழைய விற்பனை அறிக்கையைத் தேடி எடுத்தேன். பதினான்கு மாதம், ஒரே ஆள், கைக்கு வந்தது 412 டாலர். அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து, ஒரு வரியும் சேர்க்காமல் அந்தப் பையனுக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டான். பதில் இன்னும் வரவில்லை.

அன்புடன்.