வட்டமிடும் பருந்தை எண்ணாதீர்கள்

கேள்வி: திருகோணமலையில் உப்புவெளிப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் சுற்றாடல் கழகத்துக்குப் பொறுப்பாக இருக்கிறேன். ஒக்டோபரில் வலசை வரும் பருந்து, கழுகு, வல்லூறுகளைக் கோணேசர் கோயில் மலையில் நின்று மாணவர்களோடு எண்ண விரும்புகிறோம். ஒத்திகை பார்த்தபோது ஒரே பறவையைத் திரும்பத் திரும்ப எண்ணுகிறோமோ என்று சந்தேகம் வந்தது. அனுமதிக் கடிதம் எடுத்துத் தந்து ஒரே நாளில் நூறு கழுகு காட்டுவதாக ஒரு வழிகாட்டி பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: ஒரு ரூபா கூடக் கொடுக்க வேண்டாம். பொது இடத்தில் நின்று பறவையைப் பார்த்து எண்ணுவதற்கு யாருடைய கடிதமும் தேவையில்லை. பிடிப்பதற்கும் காலில் வளையம் இடுவதற்கும்தான் வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். கோயில் மலை இருக்கும் பிரட்றிக் கோட்டைக்குள் இராணுவ முகாம் இருப்பதால், பைனாகுலரோடு நெடுநேரம் நிற்கப் போவதை அதிபரின் கடிதத்தோடு முன்கூட்டியே அங்கு சொல்லிவிடுங்கள்.

அந்த நூறு கழுகு எப்படி வரும் என்று கேளுங்கள். மீன் குடலைக் கடலில் வீசினால் சுற்றுவட்டாரத்துச் செம்பருந்தெல்லாம் கூடிவிடும். அவை ஆண்டு முழுவதும் நம் துறைமுகத்திலேயே வாழ்பவை. வெண்வயிற்றுக் கடற்கழுகும் அப்படித்தான். இந்தக் கூட்டத்தை வலசைப் பறவை என்று மாணவர் கொப்பியில் எழுத வைப்பது பச்சைப் பொய். இரை போட்டுப் பறவை காட்டும் எவரையும் பிள்ளைகளின் பக்கத்தில் சேர்க்காதீர்கள். பிழையான ஒரு பட்டியல் ஒருமுறை பதிவாகிவிட்டால் அதை எடுப்பது பெரும்பாடு.

ஜோர்ஜியாவின் பாத்தூமியில் இலையுதிர்காலத்தில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட இரைகொல்லிப் பறவைகள் கடந்து போகின்றன. கருங்கடலுக்கும் மலைகளுக்கும் இடையில் அவற்றுக்கு ஒடுக்கமான வழிதான் இருக்கிறது. இலங்கையோ மத்திய ஆசிய வலசைப் பாதையின் கடைசித் தரிப்பிடம். நமக்குத் தெற்கே அந்தாட்டிக்கா வரை கடல்தான். இங்கே ஒரு காலை முழுவதும் நின்று இரண்டு மூன்று பறவை கிடைத்தாலும் அது நல்ல கணக்கு. ஒன்றுமே வராவிட்டால் பூச்சியம் என்று எழுதுங்கள். பூச்சியத்தை விட்டுவிட்டால் அன்று பறவை வரவில்லையா, நீங்கள் வரவில்லையா என்று பின்னால் யாருக்கும் விளங்காது.

இனி உங்கள் சந்தேகம். வட்டமிடும் பறவையை எண்ணவே கூடாது. மலையில் நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து தூரத்துக் கோபுரம் ஒன்றை நோக்கி மனதில் ஒரு கோடு இழுத்துக்கொள்ளுங்கள். வடக்கே நிலாவெளிப் பக்கமிருந்து வந்து, அந்தக் கோட்டைத் தாண்டி, தெற்கே போய் மறையும் பறவைக்கு ஒன்று. திரும்பி வந்தால் அந்த ஒன்றை அழித்துவிடுங்கள். காலில் மீனோடு போவதும் மரத்தில் இறங்குவதும் உள்ளூர்க்காரர் பத்தியில் சேரட்டும். ஒரு மாணவர் பார்க்க, இன்னொருவர் மணிக்கொரு வரியாக எழுத வேண்டும். இருவரும் பார்த்தால் இருவரும் எண்ணிவிடுவார்கள்.

காலை எட்டரை மணிக்கு மேல் தொடங்கினால் போதும். தரை சூடாகி வெப்பக்காற்று எழுந்த பிறகுதான் பெரிய சிறகுகள் மேலேறும். மேற்கே பார்த்து நில்லுங்கள். வெயில் முதுகில் விழும், பறவையின் நிறம் தெளியும். நவம்பர் நடுவுக்குள் முடித்துவிடுங்கள், பிறகு மழை பிடித்துவிடும்.

கடலின் மேல் தரையைப் போல வெப்பக்காற்று எழுவதில்லை. அதனால் கழுகுகள் மலைக்குத் தெற்கே உள்ள கொட்டியாரக் குடாவை நேரே கடக்க விரும்பாமல், மேற்கே தம்பலகாமப் பக்கமாகத் தரைவழியே சுற்றிப் போகவே வாய்ப்பு அதிகம். மலையில் உங்களுக்குக் கிடைக்கக்கூடியவை சிறகடித்தே கடலைக் கடக்கும் பொரி வல்லூறும் மீன் பிடித்துத் தின்னும் விராலடிப்பானும்தான். முடிந்தால் இரண்டாவது குழுவைத் தம்பலகாம வயலோரத்தில் நிறுத்துங்கள். நேர் எதிரே வரும் சிறு கழுகு ஒன்றின் இரு தோள்களிலும், கழுத்தோரமாக, வண்டியின் முன்விளக்குப் போல வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அது பூட்டட் கழுகு. மகாபோக உழவு நடக்கும் வயலின் மேல் தாழப் பறக்கும் பூனைப்பருந்துகள் மார்ச் வரை அங்கேயே தங்கிவிடுபவை. அவற்றுக்குக் கோட்டுக் கணக்கு பொருந்தாது. ஒரே நேரத்தில் கண்ட ஆகக்கூடிய எண்ணிக்கையை எழுதினால் சரி.

தேன்பருந்துதான் சிக்கல். குளவிக்கூட்டைப் பிய்த்துப் புழு தின்னும் இந்தப் பறவையில் இங்கேயே வாழ்பவையும் உண்டு, குளிர்காலத்துக்கு வந்து போபவையும் உண்டு. உள்ளூரது பிடரியில் பெரும்பாலும் நீண்ட கொண்டை இருக்கும், வந்ததற்குக் குட்டை அல்லது இல்லவே இல்லை. ஆனால் உயரப் பறக்கும்போது கொண்டை எங்கே தெரியப் போகிறது? நிறத்தை நம்பவும் முடியாது: ஒன்று கறுப்பு, ஒன்று வெளிர், ஒன்று நெஞ்சில் வரியோடு, சில அச்சொட்டாகக் குடுமிக் கழுகு போலவே இருக்கும். சிறிய தலை, நீண்ட கழுத்து, வாலில் அகலமான பட்டை: இவ்வளவைக் கொண்டு தேன்பருந்து என்று சொல்லலாம், எந்த ஊரது என்று சொல்ல முடியாது. ஆகவே கோட்டைத் தாண்டினாலும் வலசைக் கணக்கில் சேர்க்காமல் தனிப் பத்தி போடுங்கள். ‘சேர்த்தால் தொகை கூடுமே’ என்று பிள்ளைகள் கேட்பார்கள். விடாதீர்கள்.

உங்கள் கழகத்துக்குச் சுற்றறிக்கை வருடந்தோறும் வந்திருக்கும். ஒரு பைனாகுலர் வந்ததா? மரம் நட்டுப் படம் அனுப்பினால் சுற்றாடல் கல்வி முடிந்தது என்று நினைக்கும் அமைப்பிடம் எதையும் எதிர்பார்த்து நிற்காதீர்கள். கொழும்புப் பல்கலைக்கழகத்தில் 1976 முதல் இயங்கும் இலங்கைக் களப் பறவையியல் குழுவுக்கு எழுதுங்கள். இணையத்தில் பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் இபேர்ட் (eBird) தளத்திலும் நேரம், இடம், தொடங்கிய மணி, முடித்த மணி எல்லாவற்றோடும் பதியுங்கள். எவருக்குக் கொடுப்பதானாலும் பிரதியைக் கொடுங்கள். மூலக் கொப்பி பாடசாலை அலுமாரியில் இருக்கட்டும்.