5,000 ரூபாய்க்குள் டேஷ் கேமரா: வாசகர் கேள்விகளுக்கு ஒரு எலக்ட்ரீஷியனின் பதில்கள்

காரில் மாட்டும் கேமரா பற்றி வந்த கடிதங்களை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டேன். மதுரையில் என் வயரிங் பட்டறைக்கு வருகிறவர்களும் இப்போது அதிகம் கேட்பது இதைத்தான். 4கேயா 2கேயா என்று கேட்கிறார்கள், திரை எத்தனை அங்குலம் என்று கேட்கிறார்கள். வெயில் தாங்குமா என்று கேட்பவர் குறைவு. நம் ஊருக்கு முதல் கேள்வி அதுதான்.

*

எங்களிடம் வேகன்-ஆர் இருக்கிறது. தினமும் நெடுஞ்சாலையில் திண்டிவனம் வரை ஓட்டிப் போகிறேன். சமீபத்தில் எதிர்த்திசையில் வந்த பைக் ஒன்று என் வண்டியில் உரசிவிட்டது. கூடிய கூட்டம் முழுக்க ‘கார்க்காரங்க மேலதான் தப்பு’ என்றது. அதனால் கேமரா வாங்க முடிவு செய்தேன். 5,000 ரூபாய்க்குள் எதைப் பார்த்து வாங்குவது?
(கல்லூரி ஆசிரியை, விழுப்புரம்)

அம்மா, பெட்டியின் முன்பக்கம் பெரிய எழுத்தில் இருப்பதை விட்டுவிட்டு, பின்பக்கம் சிறிய எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். உள்ளே இருப்பது லித்தியம் பேட்டரியா, சூப்பர் கெப்பாசிட்டரா? முதலில் அதைப் பாருங்கள்.

வண்டியை நிறுத்தியதும் கேமராவுக்கு மின்சாரம் நின்றுவிடும். அப்போது எழுதிக்கொண்டிருந்த கடைசி வீடியோவை மூடிச் சேமிக்கச் சில விநாடிகளுக்கு மின்சாரம் வேண்டும். அதற்காக உள்ளே ஒரு சின்ன சேமிப்பு வைக்கிறார்கள். சித்திரை வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குள் வெப்பம் 60 டிகிரியைத் தாண்டும். முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் கேமரா அதைவிடவும் சூடாகும். லித்தியம் பேட்டரி அந்தச் சூட்டில் உப்பிப்போகும். கேமராவின் உடலே பிளந்து நிற்பதைக் கோடைதோறும் பட்டறையில் பார்க்கிறேன். சூப்பர் கெப்பாசிட்டர் சில விநாடிதான் தாங்கும், ஆனால் அந்தச் சில விநாடியே போதும். சூட்டையும் அது நன்றாகத் தாங்கும். விலைக்காக மற்ற எதை விட்டுக்கொடுத்தாலும் இதை விட்டுக்கொடுக்காதீர்கள். கியூபோ, 70மாய் போன்ற கம்பெனிகளின் ஒற்றைக் கேமரா மாடல்கள் உங்கள் பட்ஜெட்டில் கிடைக்கும். ஆனால் ஒரே கம்பெனியில் ஒரு மாடல் கெப்பாசிட்டரோடும் இன்னொன்று பேட்டரியோடும் வரும். கம்பெனி பெயரை நம்பி எடுக்காமல், மாடல் எண்ணை வைத்துப் பாருங்கள்.

அடுத்தது படம். 4கே என்றால் சென்சாரில், அதாவது படம் பிடிக்கும் சில்லில், குறைந்தது 8 மெகாபிக்சல் இருக்க வேண்டும். 2,000 ரூபாய்க்கு 4கே என்று விற்பவற்றில் பல, 2 மெகாபிக்சல் படத்தை இழுத்துப் பெரிதாக்கியவை. கோப்பு பெரிதாகுமே தவிர நம்பர் பிளேட் தெளிவாகாது. சென்சாரின் பெயரை வெளிப்படையாகப் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். சோனி ஐஎம்எக்ஸ் 307 என்றால் 2 மெகாபிக்சல், உண்மையான ஃபுல் எச்டி. ஐஎம்எக்ஸ் 335 என்றால் 5 மெகாபிக்சல், உண்மையான 2கே. இரண்டுமே இரவிலும் ஓரளவு நன்றாக எடுக்கும். பெயரே போடாத 4கேயைவிட, பெயர் போட்ட ஃபுல் எச்டி மேல்.

170 டிகிரி லென்ஸ் என்றால் நிறைய தெரியும் என்று நினைப்போம். தெரியும்தான், ஆனால் எல்லாம் சின்னதாகத் தெரியும். முன்னால் போகும் லாரியின் எண் புள்ளிபோல் ஆகிவிடும். 130 முதல் 140 டிகிரி வரை போதும்.

இரவில் இன்னொரு சிக்கல் உண்டு. 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் எல்லாம் உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் இருக்கிறது. அது ஒளியைத் திருப்பி அடிக்கும் வகை. உங்கள் ஹெட்லைட் அதன்மேல் பட்டால் பதிவில் வெறும் வெள்ளைப் பட்டையாக வரும். செட்டிங்கில் எக்ஸ்போஷர் (படத்தின் வெளிச்ச அளவு) என்று இருப்பதை ஒரு படி குறைத்து வையுங்கள், எழுத்து தெரியத் தொடங்கும். அப்படியும் ஓடும் வண்டியின் எண் எல்லா நேரத்திலும் பதிவில் கிடைக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். யாராவது இடித்துவிட்டு ஓடினால், கண்ணில் பட்ட எண்ணை உடனே வாய்விட்டுச் சொல்லுங்கள். மைக் ஓடிக்கொண்டிருந்தால் அது பதிவாகிவிடும். படபடப்பில் ஐந்து நிமிடம் கழித்து எண் நினைவுக்கு வராது.

மொத்தப் பணத்தையும் கேமராவில் போட்டுவிடாமல், மெமரி கார்டுக்கென்று தனியாக எடுத்து வையுங்கள். போனில் கிடக்கும் பழைய கார்டைப் போடவே போடாதீர்கள். கேமரா ஓயாமல் எழுதி, இடம் தீர்ந்ததும் பழையதை அழித்து, மறுபடி எழுதும். சாதாரண கார்டு சில மாதத்தில் செத்துவிடும். செத்தது உங்களுக்குத் தெரியவும் தெரியாது, கேமராவில் விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும். சான்டிஸ்க், சாம்சங் இரண்டிலும் ‘எண்டியூரன்ஸ்’ என்று பெயர் போட்ட கார்டு வருகிறது, அதை வாங்குங்கள். ஃபுல் எச்டியில் மணிக்கு ஆறேழு ஜிபி ஆகும், 64 ஜிபியில் சுமார் ஒன்பது மணி நேரப் பதிவு நிற்கும். திண்டிவனம் போய்வர அது தாராளம்.

ஜிபிஎஸ் உள்ள மாடல் கிடைத்தால் எடுங்கள். தேதியும் நேரமும் தானாகச் சரியாகும். திரை இல்லாவிட்டால் பரவாயில்லை, போனிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

*

புதிய ஸ்விஃப்ட் எடுத்திருக்கிறேன். வண்டி நின்றிருக்கும்போதும் பதிவாக வேண்டும் என்றால் ஃப்யூஸ் பாக்ஸிலிருந்து வயர் எடுக்க வேண்டும் என்கிறார் கடைக்காரர். வயரிங்கில் கை வைத்தால் வாரன்டி போய்விடும் என்கிறார்கள் ஷோரூமில். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் சொருகினால் போதும் என்கிறான் மகன். நான் வாரத்துக்கு ஒரு நாள்தான் வண்டியை எடுப்பேன்.
(ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், திருநெல்வேலி)

ஐயா, உங்கள் மகன் சொல்வதுதான் உங்களுக்குச் சரி. வண்டி நின்றிருக்கும்போது பதிவு வேண்டாம். காரணம் கடைசி வரியில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

நம் சிறிய பெட்ரோல் கார்களில் பெரும்பாலும் 35 ஆம்பியர்-மணி அளவுள்ள பேட்டரிதான் இருக்கிறது. வண்டி நிற்கும்போதும் ஓடும் கேமரா கால் ஆம்பியர் இழுக்கும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 6 ஆம்பியர்-மணி ஆகிறது. மூன்று நாளில் பேட்டரியில் பாதி போய்விடும். இதற்கு மேல் வண்டியின் அலாரமும் கம்ப்யூட்டரும் தனியாகக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டிருக்கும். நான்காம் நாள் கோயிலுக்குக் கிளம்பலாம் என்று சாவியைத் திருப்பினால் ‘டிக் டிக்’ என்ற சத்தம்தான் வரும்.

ஃப்யூஸ் பாக்ஸிலிருந்து வயர் எடுப்பதற்கான பாகங்களை ஹார்டுவயர் கிட் என்று விற்கிறார்கள். வோல்ட் குறைந்தால் தானே நின்றுவிடும் ஏற்பாடு அதில் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ஆனால் சிலவற்றில் அந்த அளவு 11.6 வோல்ட்டில் இருக்கும். முழு சார்ஜில் நிற்கும் பேட்டரி 12.6 காட்டும், 12.0 காட்டும்போதே கால் பங்கு அளவுதான் மிச்சம். 11.6 வரை இறங்கினால் ஸ்டார்ட் ஆகாது, பேட்டரியின் ஆயுளும் குறையும். தினமும் ஓட்டுகிறவர் பார்க்கிங் பதிவு வைத்துக்கொள்ளலாம், ஆனால் அந்த அளவை 12.0-க்குக் கீழே விடக் கூடாது, 12.2 இருந்தால் இன்னும் நல்லது.

அப்படி வயர் எடுக்கிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். கிட்டில் மூன்று வயர் இருக்கும்: எப்போதும் மின்சாரம் வருவதற்கு ஒன்று, சாவி போட்டால் மட்டும் வருவதற்கு ஒன்று, எர்த்துக்கு ஒன்று. கலர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அதனால் வயரில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படித்து, மல்டிமீட்டர் வைத்துப் பார்த்த பிறகே இணைக்க வேண்டும். வண்டியின் வயரைச் சீவி முறுக்கி டேப் சுற்றும் வேலைக்கு யார் வந்தாலும் விடாதீர்கள். பின்னால் எந்த மின்கோளாறு வந்தாலும் வாரன்டியை மறுக்க அந்த ஒரு டேப் போதும். ஃப்யூஸ் டேப் (fuse tap, சுற்றும் டேப் இல்லை) என்று ஒரு சின்னப் பாகம் கிடைக்கும். ஃப்யூஸைப் பிடுங்கி அந்த இடத்தில் இதைச் சொருகினால், பழைய ஃப்யூஸும் கேமராவின் 2 ஆம்பியர் ஃப்யூஸும் அதிலேயே உட்காரும். வேண்டாம் என்றால் உருவிவிடலாம், வயரில் ஒரு கீறலும் இருக்காது. உங்கள் வண்டியின் ஃப்யூஸ் வடிவத்துக்குப் பொருந்தும் ஃப்யூஸ் டேப்பாகப் பார்த்து வாங்க வேண்டும். ஏர்பேக், ஏபிஎஸ், எஞ்ஜின் கம்ப்யூட்டர் ஃப்யூஸ்களைத் தொடவே கூடாது. எர்த் வயர் பெயின்ட் இல்லாத உலோகத்தில், பாடியோடு சேர்ந்த போல்ட்டில் இறுக வேண்டும்.

சாக்கெட்டில் சொருகினாலும் வயரை எப்படி இழுக்கிறார்கள் என்பதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். 2024 மே மாதம் முதல் வந்த புதிய ஸ்விஃப்ட்டில் அடிப்படை மாடலிலேயே ஆறு ஏர்பேக். அதில் இரண்டு திரைபோல விரியும் வகை. கதவுகளுக்கு மேலே கூரை ஓரத்தில் மடித்து வைக்கப்பட்டிருக்கும். முன்கண்ணாடியின் ஓரத்தில் இருக்கும் தூணான முன் பில்லரின் பிளாஸ்டிக் மூடிக்குள் வயரைத் திணித்து, அது அந்தப் பைக்கு முன்னால் குறுக்கே போய்விட்டால், பை விரியும்போது தடுக்கும் அல்லது வயர் தெறிக்கும். இது உயிர் விஷயம், அவசரத்தில் செய்கிற வேலை இல்லை. எளிய வழி ஒன்று இருக்கிறது. கேமராவிலிருந்து கூரைத் துணியின் முன் ஓரத்தில் விரலால் அழுத்தி இடதுபக்கம் கொண்டுபோங்கள். பில்லர் மூடியைக் கழற்றாமல், கதவின் ரப்பர் பீடிங்குக்குள் வயரை இறக்குங்கள். கீழே வந்ததும் குளோவ் பாக்ஸுக்கு அடியில் ஓட்டி சாக்கெட்டுக்குக் கொண்டுவந்துவிடலாம். ஒரு கருவியும் வேண்டாம்.

*

டாக்ஸி ஓட்டுகிறேன். டேஷ்போர்டில் வெள்ளைத் துண்டு விரித்து முருகன் சிலை வைத்திருக்கிறேன். கேமராவில் சாலையைவிடத் துண்டுதான் நன்றாகத் தெரிகிறது. பயணிகள் பேசுவது பதிவாவது சரியா?
(ராமேஸ்வரம்)

முருகன் இருக்கட்டும் தம்பி, துண்டை மட்டும் மாற்றுங்கள். பளபளப்பில்லாத கறுப்புத் துணி போட்டால் கண்ணாடியில் விழும் பிம்பம் பெருமளவு போய்விடும். மிச்சம் இருந்தால், பிரதிபலிப்பைக் குறைக்க லென்ஸில் மாட்டும் சிபிஎல் ஃபில்டர் உதவும். கேமராவை நடுக்கண்ணாடிக்குப் பின்னால் இடதுபக்கமாக, வைப்பர் துடைக்கும் இடத்துக்குள் ஒட்டுங்கள். மழையில் வைப்பர் போகாத இடம் வெறும் தண்ணீர்தான். கண்ணாடி ஓரத்துக் கறுப்புப் புள்ளிகள்மேல் ஒட்டினால் நிற்காது.

பேச்சைப் பொறுத்தவரை, பயணி ஏறும்போது மைக்கை அணைத்துவிடுங்கள். மேலே ஒரு ஆசிரியைக்கு மைக் வேண்டும் என்று சொன்னேன். அது அவருடைய சொந்த வண்டி. உங்கள் வண்டியில் ஒரு குடும்பம் தங்கள் வீட்டு விஷயத்தைப் பேசிக்கொண்டு வரும். அவர்களுக்குத் தெரியாமல் அதைப் பிடித்து வைப்பது முறையில்லை. உள்பக்கம் பார்க்கும் கேமரா வைத்திருந்தால் சீட்டுக்கு முன்னால் தெளிவாக எழுதி ஒட்டுங்கள்.

*

சிறு விபத்து. பதிவு என்னிடம் இருக்கிறது. காவல் நிலையத்தில் கார்டையே கேட்கிறார்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதாதா?
(ஓசூர் வாசகர்)

வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது சுருங்கிவிடும், எண் மங்கிவிடும். அசல் கோப்பின் விவரங்களும் போய்விடும். தகவலுக்கு அனுப்பலாம், சாட்சியமாக அதை நம்பாதீர்கள்.

விபத்து நடந்தால், முதலில் அடிபட்டவரைப் பாருங்கள், ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்கள். அப்புறம் கேமராவை அணைத்துக் கார்டை வெளியே எடுத்துவிடுங்கள். ஓடவிட்டால் அந்தப் பதிவின்மேலேயே புதிய பதிவு ஏறிவிடலாம். கணினியில் கோப்பை வெட்டாமல் திருத்தாமல் அப்படியே இரண்டு இடத்தில் பிரதி எடுங்கள். கார்டை ஒரு உறையில் போட்டு வையுங்கள், வேறு கார்டு போட்டு வண்டியை ஓட்டுங்கள்.

சட்டத்தில், 2024 ஜூலை 1 முதல் பழைய சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய சாக்ஷ்ய அதினியம் நடைமுறையில் இருக்கிறது. மின்னணுப் பதிவுகளைப் பற்றி முன்பு 65பி என்று சொன்ன பிரிவின் இடத்தில் இப்போது 63-ம் பிரிவு. பிரதியைக் கொடுத்தால் அதோடு சான்றிதழ் வேண்டும்: ஒரு பகுதியை நீங்கள் நிரப்ப வேண்டும், இன்னொரு பகுதியை நிபுணர் நிரப்ப வேண்டும். கோப்பின் ஹாஷ் எண்ணும் (கோப்பு மாறவில்லை என்று காட்டும், கைரேகை போன்ற எண்) அதில் வரும். பழைய பிரிவு இருந்தபோது 2020-ல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, அசல் கருவியையே உரிமையாளர் நேரில் வந்து காட்டினால் சான்றிதழ் தேவையில்லை. போலீஸ் கார்டைக் கேட்பதில் நியாயம் இருக்கிறது என்பது இதிலிருந்தே தெரியும். கொடுங்கள், ஆனால் பிரதி எடுத்துக்கொண்டு கொடுங்கள், கார்டின் விவரத்தோடு எழுத்தில் ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். வழக்கு பெரிதானால் வக்கீலைக் கேளுங்கள், நான் எலக்ட்ரீஷியன்.

பதிவில் உங்கள் பக்கத் தவறும் இருக்கலாம். அதற்காக அழித்தால் அது தனிக் குற்றமாகும். அடுத்தவரின் முகமும் வண்டி எண்ணும் தெரியும்படி ஊருக்கெல்லாம் பரப்பவும் வேண்டாம்.

*

வாங்கி ஒரு மாதம்தான் ஆகிறது. அடிக்கடி ‘கார்டு ஃபுல்’ என்கிறது. பழையதைத் தானே அழிக்கும் என்றார்களே?
(திண்டுக்கல் வாசகி)

அழிக்கும், பூட்டிய கோப்பைத் தவிர. கேமராவுக்குள் அதிர்ச்சியை உணரும் ஜி-சென்சார் இருக்கிறது. இடித்த மாதிரி தோன்றினால் அந்தக் கோப்பை அழிக்க முடியாதபடி பூட்டிவிடும். நம் ஊர் வேகத்தடைகளில் ஏறி இறங்கும்போதெல்லாம் பூட்டினால் கார்டு நிரம்பத்தானே செய்யும்? ஜி-சென்சாரை ‘லோ’வில் வையுங்கள். வேண்டிய வீடியோ இருந்தால் எடுத்துக்கொண்டு, கேமராவிலேயே கார்டை ஃபார்மட் செய்யுங்கள்; கணினியில் செய்தால் சில கேமராக்கள் ஏற்காது. மாதத்துக்கு ஒரு முறை இதைச் செய்யும்போது நேற்றைய பதிவு ஒன்றைத் திறந்து, ஓடுகிறதா, தேதி சரியா என்றும் பார்த்துவிடுங்கள். 2019-ம் ஆண்டு ஜனவரி 1 என்று காட்டினால் அன்றைக்கே திருத்துங்கள்.